அத்தானை ஆகாயத்தில் நிறுத்தி வைத்தேன்

எங்க அத்தானை நான் முப்பத்திரெண்டு தடவை கொன்னிருக்கேன். நாலு தடவை தலையிலயே சுட்டு. ஏழெட்டு தடவை பெட்ரோல் டேங்க்ல தீ பிடிக்க வெச்சு. ஒரு தடவை குண்டு தீர்ந்துபோச்சு. விடுவேனா? நேரா போய் மூக்கோட மூக்கு முட்டி, ரெண்டு பேரும் சேர்ந்தே வெடிச்சோம். அன்னிக்கு ஒரு பிடி அதிகமாவே சாப்பிட்டேன்.

பதறாதீங்க, எல்லாம் கம்ப்யூட்டர்ல. பழைய காலத்துச் சண்டை விமானங்களை வெச்சு ஆடுற ஆன்லைன் கேம் அது. உலகம் பூரா ஆளுங்க ஆடுவாங்க. அத்தான்னா என் அக்கா புருஷன், அதுல அவருக்குப் பேரு வானவேந்தன். பேரைப் பாருங்க! பிழைப்பு என்னவோ லிஃப்ட் மெக்கானிக். வெளியில விசாரிச்சா தங்கமான மனுஷன்னுதான் சொல்வாங்க. லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டா கதவுக்கு வெளியில உட்கார்ந்து, "பயப்படாதீங்கம்மா, அஞ்சே நிமிஷம்"னு அவ்வளவு பொறுமையா பேசுவாராம். அந்தப் பொறுமையில கால்வாசியாவது வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கலாம்.

நான் கண்ணாடிக் கடையில கண்ணாடி வெட்டுறவ. ஜன்னல், மேஜை, குளியலறைன்னு அளவு கொடுத்தா வெட்டித் தருவேன். கோபக்காரின்னு கடையில எல்லாருக்கும் தெரியும், அதனால என் மேஜைப் பக்கம் யாரும் வெட்டி அரட்டைக்கு வரமாட்டாங்க. அக்கா என்னைவிட ஆறு வயசு மூத்தவ, எனக்கு நேர் எதிர். பல் டாக்டர்கிட்ட முன்மேஜையில உட்கார்ந்து, வலியில கத்துறவங்களைக்கூட சிரிச்சே சமாளிப்பா. அவளுக்கு நாலு வயசுல ஒரு பொண்ணு, குட்டின்னு கூப்பிடுவோம்.

அந்த கேம்ல ஒரு கோளாறு இருக்கு. அதைச் சொல்லாம இந்த விஷயத்தைச் சொல்ல முடியாது. பன்னிரண்டாயிரம் மீட்டர் உயரம் வரைக்கும் எல்லாம் ஒழுங்கா நடக்கும். குண்டு பட்டா இறக்கை முறியும், பெட்ரோல் தீர்ந்தா என்ஜின் நிக்கும். அந்தக் கோட்டைத் தாண்டிட்டீங்கன்னா ஊரே வேற. அங்க காற்றே இல்லைன்னு எவனோ ஒரு புண்ணியவான் கணக்குல பூஜ்யம் போட்டு வெச்சுட்டான். காற்று இல்லேன்னா இறக்கை மேல அழுத்தம் இல்லை. அதனால சல்லடையாத் துளைச்ச இறக்கைகூட ஒட்டிக்கிட்டேதான் இருக்கும். என்ஜின் ஓடும், ஆனா பெட்ரோல் ஒரு சொட்டுக் குறையாது. பாராசூட்ல குதிச்சவன் கீழே இறங்காம கொடியில காயப்போட்ட சட்டை மாதிரி அங்கேயே தொங்குவான். ஆனா கோட்டுக்குக் கீழே இறங்கினீங்களோ, மேலே பட்ட அடிக்கெல்லாம் சேர்த்து ஒரே நொடியில விமானம் பிய்ஞ்சு போகும். ஆடுறவங்க எல்லாரும் அந்த உயரத்துக்கு மொட்டைமாடின்னு பேர் வெச்சிருந்தோம். கம்பெனிக்காரன் சரி பண்றேன் சரி பண்றேன்னு வருஷக்கணக்கா இழுத்தடிச்சான்.

மொட்டைமாடிக்கு அத்தான்தான் ராஜா. மேலே ஏறிப் போய், ஒளிஞ்சு நின்னு, கீழே வர்றவன் தலையில குண்டைக் கொட்டிட்டு மறுபடி ஏறிடுவார். எனக்கும் இந்த கேமைக் கத்துக்கொடுத்தவர் அவர்தான். அக்காவைக் கல்யாணம் பண்ணின புதுசுல, "ஓட்டிப் பாரும்மா, பொண்ணுங்களுக்கு இது வராது"ன்னு சிரிச்சுக்கிட்டே நாற்காலியை விட்டுக்கொடுத்தார். அந்தச் சிரிப்புக்காகவே கத்துக்கிட்டேன்.

போன வருஷம் ஒரு நாள் அக்கா கடைக்கு வந்தா. கையைத் தூக்கினப்ப சட்டைக் கை மேலே ஏறிச்சு. முழங்கைக்கு மேல நாலு விரல் பதிஞ்ச மாதிரி நீலம். "என்னக்கா இது?"ன்னேன். "கதவுல இடிச்சுக்கிட்டேன்"னா. எந்தக் கதவுக்கு அக்கா விரல் இருக்கு? கத்தினேன், கெஞ்சினேன், கடைசியில சொன்னா. ஆறு வருஷமாவாம். அங்கிருந்த சுத்தியலை எடுத்துக்கிட்டு அப்படியே கிளம்பிட்டேன். அக்கா வாசல்ல குறுக்கே நின்னு, குட்டி மேல சத்தியம் வாங்கிட்டா. அவர் மேல கை வைக்கக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. "நீ பேசிட்டுப் போயிடுவே. கதவைச் சாத்தினதுக்கப்புறம் நான்தான்டி உள்ளே இருக்கணும்"னா.

சத்தியம் பண்ணிட்டேன். ஆனா வயிறு எரியுதே! அதனால கேம்ல புதுசா ஒரு பேர்ல நுழைஞ்சேன். பேர் கொசு. ஆம்பளைன்னு போட்டேன், பேசவே மாட்டேன், எழுதுறதோட சரி. அத்தான் விமானம் எங்கே தெரியுதோ அங்கே போய்க் கடிச்சேன். வால்ல சுட்டேன், வயித்துல சுட்டேன், பாராசூட்ல தொங்குறப்பவும் சுட்டேன். அவர் கத்துறது கேக்கும். மைக்கை அணைக்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது, தான் பேசுறதை ஊரே கேக்கணும். "டேய் கொசு, உன்னை நசுக்காம விடமாட்டேன்டா!"ன்னு அவர் கத்தக் கத்த எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மூணு மாசம், ஞாயிற்றுக்கிழமை தவறாம. அக்காவுக்காகப் பழி வாங்குறேன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்தேன், முட்டாள்.

முப்பத்தொண்ணாவது தடவை விமானி அறையிலயே சுட்டேன். கண்ணாடி சிதறி, உள்ளே பூரா சிவப்பு. வழக்கமா கத்துற ஆள் அன்னிக்குக் கத்தலை. ஹெட்போனைக் கழட்டி வைக்கிற சத்தம். நாற்காலி பின்னால தள்ளப்படுற சத்தம். அப்புறம் மைக்குக்குத் தூரத்துல ஒண்ணு விழுந்தது. எந்தப் பொருள் எப்படி உடையும்னு பதினோரு வருஷமா கேட்டு வளர்ந்த காது எனக்கு. அது பொருள் இல்லை. மறுபடி ஒண்ணு. மறுபடி. "வேணாம், குட்டி பாக்குறா, குட்டி பாக்குறா"ன்னு அக்கா குரல், மூச்சு வாங்கிக்கிட்டு. கொஞ்ச நேரத்துல ஹெட்போன் திரும்பத் தலையில ஏறிச்சு. "சாரி பசங்களா, நெட் போயிடுச்சு. அடுத்த ஆட்டம் போலாமா?" குரல்ல ஒரு நடுக்கம் இல்லை. லிஃப்ட்ல மாட்டினவங்ககிட்ட பேசுற அதே குரல்.

நான் கம்ப்யூட்டரை அப்படியே அணைச்சேன்.

மறுநாள் மத்தியானம் அக்கா வேலை பாக்குற இடத்துக்குப் போனேன். பின்பக்கம், பல் அச்சு எல்லாம் அடுக்கி வெச்சிருக்கிற சின்ன அறை. அவ ஒரு பக்கமாச் சாய்ஞ்சுதான் உட்கார்ந்திருந்தா. "அக்கா, அந்தக் கொசு நான்தான்"னேன்.

"நீயா?"

"ஆமாக்கா."

"அடிக்கிறப்ப எல்லாம் அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லித்தான்டி அடிப்பார். கொசு, கொசுன்னு. எவன்னு தெரியாம மூணு மாசமா அவனைச் சபிச்சேன். அவன் கை விளங்காமப் போகணும்னு சபிச்சேன்டி."

என் கையைப் பிடிச்சு உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தா. அடிப்பான்னு நினைச்சேன், அடிச்சிருக்கலாம். அழவும் இல்லை. கையை விடாமலே கேட்டா. "எந்திரிக்க விடாம அவரை அந்த நாற்காலியிலயே உட்கார வைக்க முடியுமா உன்னால? ஒரு மணி நேரம் போதும்."

ஏன்னு எனக்குப் புரிஞ்சது. வாரநாள்ல குட்டி அவங்க மாமியார் வீட்டுல இருப்பா. அந்தம்மா எதிர் வீடு, ஜன்னலை விட்டு நகராது. குட்டியும் அக்காவும் ஒண்ணா இருக்கிறது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அன்னிக்கு மத்தியானம் அந்தம்மாவும் பஜனைக்குப் போயிடும். வீடோ மூணாவது மாடி, ஒரே வாசல். அத்தான் கம்ப்யூட்டர் மேஜை அந்த வாசலை ஒட்டித்தான். கதவுக்கும் நாற்காலிக்கும் நடுவுல ஒருக்களிச்சுத்தான் போக முடியும். பல் டாக்டரம்மா வேற ஊர்ல ஒரு அறையும் ஒரு வேலையும் ஏற்பாடு பண்ணித் தர்றதா எப்பவோ சொல்லியிருக்காங்க. ஆறரைக்கு பஸ். வாசலைத் தாண்டுறதுதான் அக்காவால முடியலை.

"தோத்துப் போனா எந்திரிச்சுடுவார், ஜெயிச்சாலும் எந்திரிச்சு வந்து பெருமை பேசுவார்"னா அக்கா. "ரெண்டும் இல்லாம நடுவுல நிறுத்தணும்."

அப்பதான் எனக்கு மொட்டைமாடி ஞாபகம் வந்தது.

அடுத்த ஞாயிறு ஒற்றை உயிர்ப் போட்டியோட கடைசி நாள். ரெண்டு மாசம் தனியா நடக்குற போட்டி, வழக்கமான ஆட்டத்துல நான் அவரைக் கொன்னதெல்லாம் இதுல கணக்கில்லை. ஒருத்தருக்கு ஒரே உயிர், செத்தா அதுவரைக்கும் எடுத்த புள்ளி அத்தனையும் காலி. பாராசூட்ல குதிச்சாலும் செத்த கணக்குதான். அத்தான் அறுபத்துமூணு பேரைக் கொன்னு முதலிடத்துல இருந்தார். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் உயிரோட இருந்தா கோப்பை அவருக்கு. அக்காவை நிறுத்திப் பேச நேரமில்லாத ஒரே நாள் அதுதான்.

மூணு மணிக்கு ஏறினேன். என் அறையில ஜன்னலைச் சாத்திட்டு, ஹெட்போனை இறுக்கிக்கிட்டேன். அத்தான் வீட்டு மின்விசிறி சத்தம்கூடக் கேக்குது. அவரோட காவலுக்கு ரெண்டு பேர். முதல் ஆள் மேகத்துக்குள்ள நுழையுறப்ப அடி வயித்துல சுட்டேன். தீப்பிடிச்சுச் சுழண்டு சுழண்டு போனான், கத்திக்கிட்டே போனான். ரெண்டாவது ஆள் கெட்டிக்காரன், என் வால்ல பாதியைப் பிச்சு எடுத்துட்டான். பிரேக்கை அழுத்தி அவனை முன்னால போக விட்டு, முதுகுலயே கொடுத்தேன். அவன் என்ஜின் கழண்டு, விமானி அறையைக் கிழிச்சுக்கிட்டுப் போச்சு. வேற நாளா இருந்தா எழுந்து நின்னு ஆடியிருப்பேன். அன்னிக்கு உடனே மூக்கை மேலே திருப்பினேன்.

அத்தான் மேலே மொட்டைமாடியில. நான் கோட்டைத் தாண்டினதும் பார்த்துட்டார். "வாடா கொசு, வா! இன்னிக்கு உன் ரத்தத்தைப் பாக்குறேன்!" அவர் குண்டு என் கண்ணாடியைத் துளைச்சு, என் விமானியோட தோள்ல பாஞ்சது. திரையில பாதி சிவப்பு. இன்னொண்ணு பட்டா நான் காலி. நான் காலின்னா அவர் ஜெயிச்சு எந்திரிப்பார், அக்கா பையோட கூடத்துல நிப்பா. தலையில சுட்டுடக் கூடாது, டேங்க்கைத் தொட்டுடக் கூடாது, இறக்கை மட்டும். கண்ணாடி வெட்டுறதும் இதேதான். உடைக்கக் கூடாது, கோடு மட்டும் போடணும், அழுத்துறப்ப அது கோட்டோட தானா உடையும். மூச்சை அடக்கி, இடது இறக்கை உடம்போட சேருற இடத்துல இருபது குண்டை வரிசையா இறக்கினேன். வெளிச்சம் அந்தப் பக்கம் தெரியுற அளவுக்கு ஓட்டை. இறக்கை அசையலை.

"அடப்பாவி!"ன்னார் அத்தான். அவருக்கும் புரிஞ்சிடுச்சு. இனிமே இறங்க முடியாது. ஆறு மணி வரைக்கும் அங்கேயே சுத்தணும், என்கிட்ட இருந்து தப்பிச்சுக்கிட்டே.

'கீழே வாங்க, பேசலாம்'னு எழுதினேன்.

"நீ கிட்ட வாடா, நாயே!"

ஒன்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை பாய்வேன். ஒரு முழம் தள்ளிச் சுடுவேன், தலைக்கு மேல, காலுக்குக் கீழே. அவர் திட்டிக்கிட்டே வளைவார். எனக்கு அவர் திட்டு காதுல ஏறலை. அதுக்குப் பின்னால இருக்கிற வீட்டைக் கேட்டுக்கிட்டிருந்தேன். அக்கா போனைக்கூட வீட்டுலயே விட்டுட்டுத்தான் கிளம்புறா, அதுல அவ எங்கே இருக்கான்னு பாக்குற வசதியை அவர் வெச்சிருந்தார். அதனால எனக்கு வேற வழியில்லை, அவர் மைக்தான் எனக்குக் கண்ணு. அலமாரி திறக்குற சத்தம். நெடுநேரம் ஒண்ணுமில்லை. வெறும் காலோட யாரோ நடக்குறது. அப்புறம் தாழ்ப்பாள், மெதுவா, இரும்பு இரும்போட உரசுற சத்தம்.

"அப்பா, டாட்டா!"

குட்டி. பளிச்சுன்னு, மைக் பக்கத்துலயே.

அத்தான் பேச்சை நிறுத்தினார். நாற்காலி கிறீச்சுன்னுச்சு. திரும்புறார். நான் யோசிக்கவே இல்லை, பொத்தானை அழுத்திக்கிட்டே நேரா அவர் முகத்தைப் பாக்கப் பாஞ்சேன். குண்டு அவர் கண்ணாடியை உரசிக்கிட்டுப் போச்சு, என் இறக்கை அவர் தலையைத் தொடாத குறை. "ஐயோ!"ன்னு அலறி மேஜையைப் பிடிச்சார். "ம், டாட்டா டாட்டா, போ, போய் விளையாடு!"ன்னார், திரையை விட்டுக் கண்ணை எடுக்காம. கதவு சாத்துற சத்தம். அவ்வளவுதான்.

அப்படியே குலுங்கிக் குலுங்கி அழுதேன், அழுதுக்கிட்டே சுட்டேன்.

அஞ்சேகாலுக்கு என் வாசல் மணி அடிச்சது. ஒரு கையால விமானத்தைப் பிடிச்சுக்கிட்டே எட்டிக் கதவைத் திறந்தேன். அக்கா, ஒரு பை, குட்டி. கால்ல செருப்பு இல்லை, சத்தம் கேக்கும்னு கையிலயே எடுத்துட்டு வந்தவ, டவுன் பஸ்ல ஏறினதுக்கப்புறமும் போட மறந்திருக்கா. குட்டிக்கு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்து உள் அறையில படம் வரைய விட்டோம். அக்கா என் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்தா.

"இதுதான் அவரா?"

"ஆமா."

"இத்துனூண்டு இருக்கார்." திரைக்குக் கிட்டே குனிஞ்சா. "இவ்வளவு நேரமா இப்படியேவா?"

"ஆறு மணி வரைக்கும் வெச்சிருக்கலாம். இல்லேன்னா இப்பவே முடிச்சுடலாம். நீ சொல்லு."

"முடிச்சா எந்திரிப்பார்."

"எந்திரிப்பார்."

"எந்திரிச்சா..." நிறுத்திட்டா. சுத்திப் பார்த்தா, என் கட்டில், என் கண்ணாடித் துண்டுகள், ஜன்னல். "நான் அங்கே இல்லையே"ன்னா. அப்பதான் அவளுக்கே தெரிஞ்ச மாதிரி இருந்தது.

"அக்கா, சொல்லு."

"கொல்லு"ன்னா.

மேலே இருந்து பாஞ்சு அவர் மூக்கைக் கீழே தள்ளுற மாதிரி வால்ல கொடுத்தேன். விமானம் தலைகுப்புறச் சரிஞ்சது. பன்னிரண்டாயிரத்து நூறு, பன்னிரண்டாயிரத்து ஐம்பது, கோடு. இடது இறக்கை மடங்கி, பிய்ஞ்சு, அவர் விமானி அறையிலயே அடிச்சது. அப்புறம் வால், அப்புறம் எல்லாம். அறுபத்துமூணு புள்ளியும் பூஜ்யம் ஆச்சு. நான் மேஜையில குத்திக் கத்தினேன், "செத்தான்! செத்தான்!"னு. மரியாதை எல்லாம் அதுவரைக்கும்தான்.

"எனக்குக் கேக்கணும்"னா அக்கா. ஹெட்போனைப் பிடுங்கி ஸ்பீக்கர்ல வெச்சேன்.

நாற்காலி விழுந்தது. "ஏய்! எங்கேடி இருக்கே?" காலடி, சமையலறை, படுக்கையறை, கதவு படார் படார்னு. "ஏய்!" அப்புறம் ஆரம்பிச்சது. கையில கிடைச்சதை எல்லாம் தூக்கிச் சுவத்துல அடிக்கிறான். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு, உடைடா, நல்லா உடை, உன் வீடுதானே. சிரிச்சுக்கிட்டே அக்கா பக்கம் திரும்பினேன்.

அக்கா முழங்கை முகத்துக்கு முன்னால வந்திருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் தோள் காது வரைக்கும் ஏறுது. கண்ணை இறுக்கி மூடியிருக்கா. அஞ்சு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து ஒவ்வொரு அடியையும் வாங்கிக்கிட்டிருந்தா.

"அணைச்சுடறேன்க்கா"ன்னு கையை நீட்டினேன்.

"இரு. இன்னும் கொஞ்ச நேரம்தான். நின்னுடும்."

சொன்ன மாதிரியே நின்னுச்சு. மூச்சு வாங்குற சத்தம் மட்டும். ஏதோ ஒண்ணுல அவன் உட்கார்ந்தான். அப்புறம் சாதாரணமா, ஒண்ணுமே நடக்காத மாதிரி, அலுப்பா ஒரு குரல்.

"கொஞ்சம் தண்ணி கொண்டா."

அக்கா எந்திரிச்சா. எந்திரிச்சு, திரும்பி, என் அறையில தம்ளர் எங்கே இருக்குன்னு தேடினா. நான் கம்ப்யூட்டர் வயரை அப்படியே சுவத்துல இருந்து பிடுங்கிப் போட்டுட்டு, ஓடிப் போய் அவளை இடுப்போட சேர்த்துக் கட்டிக்கிட்டேன். அவ கை தம்ளரை எடுத்திருந்தது. விடவே மாட்டேன்னுச்சு. ஒவ்வொரு விரலா நான்தான் பிரிச்சேன்.